இருபத்துநான்கு கிலோமீட்டரும் ஒரு டோக்கனும்

சிங்கப்பூரில் ‘ரயில் காரிடார்’ பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் எண் 24. தெற்கே தஞ்சோங் பகாரில் தொடங்கி வடக்கே கிராஞ்சி, உட்லண்ட்ஸ் பக்கம் வரை தீவை நெடுக்காக அறுத்துச் செல்லும் பழைய மலாயா ரயில் தடத்தின் நீளம் அத்தனை கிலோமீட்டர். வார இறுதியில் நாலு பேர் சேர்ந்து நடக்கப் போவதாக முடிவானதும், திட்டம் போடும் வேலையை அந்த எண்ணே எடுத்துக்கொள்கிறது. எத்தனை மணி நேரத்தில் முடிக்கலாம், எங்கிருந்து ஆரம்பித்தால் எங்கே முடியும், முழுசும் நடந்தவர் யார் என்று பேச்சு போகிறது. தடத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளில் இவை கடைசியில் வர வேண்டியவை. இந்தத் தடம் உருவான விதம், இங்குள்ள வானிலை, இன்று அதன் பக்கத்திலேயே ஓடும் எம்ஆர்டி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், நடையை நிலையத்திலிருந்து நிலையத்துக்கு என்று துண்டு துண்டாகத் திட்டமிடுவதே சரி என்பது விளங்கும். லிட்டில் இந்தியாவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

முதலில், இவ்வளவு நெருக்கமான ஊரில் இப்படியொரு தடம் எப்படி அறுபடாமல் மிஞ்சியது? 1903 ஜனவரி 1 அன்று டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரை ரயில் ஓடத் தொடங்கியது. சில மாதங்களில் பாதை உட்லண்ட்ஸை எட்டியது. அங்கிருந்து ஜொகூருக்குப் படகு. 1923-ல் கடற்பாலத்தின்மேல் ரயில் ஓடத் தொடங்கியபின்தான் தண்டவாளம் தீபகற்பத்தோடு நேரடியாக இணைந்தது. அதற்கு முன்பே, 1918-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம், ரயில் நிலம் மலாய்க் கூட்டு மாநில அரசுக்கு 999 ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இது ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போன கணக்கு, அவ்வளவுதான். 1965-ல் சிங்கப்பூர் தனிநாடானதும் அதே நிலம் வேறொரு நாடான மலேசியாவின் ரயில்வே பிடியில் இருக்கும் நெடுங்கீற்றாக மாறிப்போனது. இரு பக்கமும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளும் விரைவுச்சாலைகளும் எழுந்த ஐம்பது ஆண்டுகளில் இந்தக் கீற்றை மட்டும் யாராலும் தொட முடியவில்லை. இந்த நிலம் பற்றி 1990-ல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட உடன்பாடு இருபது ஆண்டுகள் இழுபறியில் கிடந்தது. 2010-ல் இரு பிரதமர்களும் பேசி முடித்தார்கள். ரயில் நிலத்துக்கு ஈடாக மரினா சவுத்திலும் ஓஃபிர்–ரோச்சோரிலும் ஆறு மனைகள் இரு நாட்டுக் கூட்டு நிறுவனத்துக்குப் போயின. லிட்டில் இந்தியாவிலிருந்து பூகிஸ் பக்கம் நடந்தால் கண்ணில் படும் டுவோ இரட்டைக் கோபுரம் அந்த மாற்றில் பிறந்ததுதான். 2011 ஜூன் 30 இரவு ஜொகூர் சுல்தான் தாமே ஓட்டிச் செல்ல, கடைசி ரயில் தஞ்சோங் பகாரை விட்டுக் கிளம்பியது. அதற்குச் சில மாதங்கள் முன்னரே, 2010 அக்டோபரில், தடத்தைத் துண்டு போட்டு விற்காமல் பசுமை வழியாகக் காக்க வேண்டும் என்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் யோசனை எழுதிக் கொடுத்திருந்தது. ஆக, தடத்தின் தொடர்ச்சியை முதலில் காத்தது பழைய சட்டமும் ராஜதந்திரச் சிக்கலும். பசுமை ஆர்வலர்கள் அதைச் சரியான நேரத்தில் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

இது ஒற்றைத் தண்டவாளப் பாதை என்பதை நடக்கிறவர்கள் அநேகமாக மறந்துவிடுகிறோம். எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்துவிடக் கூடாது என்பதற்காகப் பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு டோக்கன் வைத்திருந்தார்கள். அந்த உலோகத் துண்டு ஓட்டுநர் கையில் இருந்தால்தான் ரயில் அந்தப் பகுதிக்குள் நுழையலாம். புக்கிட் தீமா நிலையத்தில் இது 2011 வரை நடந்தது. டோக்கனைப் பையிலிட்டு ஒரு பெரிய வளையத்தில் மாட்டி, நிலைய அதிகாரி நடைமேடை ஓரத்தில் வந்து நிற்பார். ரயில் வேகத்தைக் குறைத்து நெருங்கும். முடிந்த பகுதியின் வளையம் வண்டியிலிருந்து இறங்கும்; அடுத்த பகுதியின் வளையம் ஏறும். பின்னாளில் பயணிகள் யாரும் ஏறி இறங்காத அந்தச் சின்ன நிலையம் உயிரோடு இருந்ததே இந்தக் கைமாற்றத்துக்காகத்தான். அதாவது, முழுத் தூரம் ஓடுவதற்கான அனுமதி எந்த ரயிலுக்கும் ஒரே தடவையில் கிடைத்ததில்லை. ஒரு பகுதி முடியும், கணக்குத் தீரும், பிறகு அடுத்தது. நடைக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்: ஒரு பகுதியை முடித்த இடத்தில் வானத்தையும், குழந்தைகளின் முகத்தையும், தண்ணீர்ப் போத்தலையும் பார்த்துவிட்டு அடுத்த பகுதிக்குள் நுழையலாமா என்று முடிவெடுப்பது.

தடமும் ஒரே மாதிரியானதில்லை. புக்கிட் தீமாவுக்கு வடக்கே உள்ளது பெரும்பாலும் 1903-ல் போட்ட வழி. தெற்கே உள்ளது 1932-ல் புதிதாக வெட்டியது. ஊருக்குள் சாலைகளோடு முட்டிக்கொண்டு டேங்க் ரோட்டுக்குப் போன பழைய பாதையைக் கைவிட்டு, தஞ்சோங் பகார் துறைமுகத்தை நோக்கிப் பாதையைத் திருப்பினார்கள். இந்தப் புது வழி பல இடங்களில் சாலைக்கு மேலே பாலத்திலோ, கீழே பள்ளத்திலோ போனது. ரயிலுக்கு அது வசதி. நடக்கிறவருக்கு அதன் பொருள் வேறு: தெற்குப் பகுதியில் பக்கத்திலேயே பேருந்து ஓடும் சத்தம் கேட்டாலும், அந்தச் சாலையை அடைய அடுத்த படிக்கட்டோ சாய்தளமோ வரும்வரை நடந்தாக வேண்டும். வடக்கில் கொம்பாக் டிரைவ், சுவா சூ காங் சாலை, கிராஞ்சி சாலை போன்ற இடங்களில் ரயில் சாலையைத் தரைமட்டத்திலேயே கடந்தது. அங்கெல்லாம் கேட் போட்டு வண்டிகளை நிறுத்திய காட்சி பலருக்கு இன்னும் நினைவிருக்கும். எனவே வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரியும் தடத்தில், ‘இங்கே போதும், வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்லத்தக்க இடங்கள் ஒழுங்கான இடைவெளியில் இல்லை. திட்டம் போடுகிறவர் முதலில் குறிக்க வேண்டியது அந்த இடங்களைத்தான். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் அதற்குப் பிறகு.

ரயில் பாதை சரிவை வெறுக்கும். எஞ்சின் ஏற முடியாத மேட்டை வெட்டி, பள்ளத்தை மண்போட்டு உயர்த்தித்தான் தண்டவாளம் போடுவார்கள். அதனால் இந்தத் தடத்தில் கால் நோகும் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. தீவின் மிக உயர்ந்த புக்கிட் தீமா குன்றின் அடிவாரத்திலேயே சமதரையாகப் போகிறது. தட்டையான வழிதானே என்ற நினைப்புதான் ஆளை ஏமாற்றும். சிங்கப்பூரில் நடையின் எதிரி வெயிலும் இடியும். ஆண்டுக்குச் சராசரி 168 நாட்கள் இடி இடிக்கும் ஊர் இது. சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்கு உதிக்கிறது. அப்போதே கிளம்பி, மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் எங்கும் உட்காராமல் நடந்தால் 24 கிலோமீட்டர் முடியப் பகல் ஒரு மணி. சாப்பாடு, ஓய்வு, கழிப்பறை, படம் பிடித்தல், ஒரு சிறுவனின் செருப்பு வார் அறுந்தது என்று சேர்த்துக்கொண்டால் மூன்று மணிக்குக் குறையாது. இடிமழைக்குத் தோதான நேரமும் அதுவே. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் ஆகிய இரு பருவ இடைவெளிகளில் பிற்பகல் இடி கடுமையாக இருக்கும். தீபாவளியையும் அதை ஒட்டித் தொடங்கும் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையையும் நம்பித்தான் நம் குடும்பங்கள் வெளியே கிளம்புகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஜூன் விடுமுறைக்கும் தனிக் குணம் உண்டு: சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று விடியற்காலையிலேயே அடித்துவிட்டு ஓய்ந்துவிடும், ஒன்பது மணிக்குக் கிளம்புகிறவர் தப்பிப்பார், ஆறு மணிக்குக் கிளம்புகிறவர் மாட்டிக்கொள்வார். தைப்பூசம் கழிந்த பிப்ரவரிதான் பொதுவாக மழை குறைந்த மாதம். ஆனால் 24 கிலோமீட்டர் திட்டத்துக்கு மாதத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. இடி முழக்கம் கேட்டபின் அரை மணி நேரத்துக்குள் ஒரு கூரையை அடைய முடியுமா என்பதே கணக்கு. துண்டாகத் திட்டமிட்டவருக்கு அதற்கு விடை எப்போதும் கையில் இருக்கும்.

இனி எம்ஆர்டி. லிட்டில் இந்தியா நிலையத்தில் இரண்டு பாதைகள் சந்திக்கின்றன. 2015 டிசம்பரில் திறந்த டௌன்டவுன் பாதையின் இரண்டாம் கட்டம் அங்கிருந்து நியூட்டன், பூமலை, கிங் ஆல்பர்ட் பார்க், பியூட்டி வேர்ல்ட், ஹில்வியூ, கேஷ்யூ வழியாக புக்கிட் பாஞ்சாங் போகிறது. ஹியூம் நிலையம் 2025 பிப்ரவரியில் சேர்ந்தது. கிங் ஆல்பர்ட் பார்க்கிலிருந்து புக்கிட் பாஞ்சாங் வரை பழைய ரயில் தடத்தின் நிழல் போலவே இந்தச் சுரங்கப் பாதை ஓடுகிறது. லிட்டில் இந்தியாவின் தேக்காச் சந்தையில் இட்லியோ தோசையோ கட்டிக்கொண்டு கிளம்புகிற குடும்பம், வண்டி மாறாமல் தடத்தின் நடுப்பகுதிக்குப் போய்விடலாம். அதிலும் ஹில்வியூவிலிருந்து புக்கிட் தீமா பழைய நிலையம் வரையிலான சுமார் 4 கிலோமீட்டர்தான் முதல் நடைக்கு ஏற்றது என்பது என் முடிவு. இரண்டு இரும்புச் சட்டகப் பாலங்களும் இந்தத் துண்டில்தான் இருக்கின்றன. காட்டின் நிழலும் இங்கேதான் அதிகம். பக்கத்திலேயே, 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த பழைய ஃபோர்டு தொழிற்சாலை அருங்காட்சியகமாக இருக்கிறது; வெயில் ஏறினால் அங்கே ஒதுங்கலாம். முடியும் இடத்தில் 1932-ன் செங்கல் நிலையம் 2022 முதல் மறுபடியும் திறந்திருக்கிறது. அங்கிருந்து கிங் ஆல்பர்ட் பார்க் நிலையம் கூப்பிடு தூரம். இடையில் ஹியூம், பியூட்டி வேர்ல்ட் என்று இரண்டு வெளியேறும் வழிகள் உண்டு. பாட்டி களைத்துவிட்டால் ஒருவர் அவரை அழைத்துக்கொண்டு ரயிலேறி மற்றவர்களை முடிவில் சந்திக்கலாம். இந்த வசதி தடத்தின் வேறெந்தப் பகுதியிலும் இவ்வளவு நெருக்கமாக இல்லை.

தெற்குத் துண்டுக்கு வேறு கணக்கு. வடக்கு–கிழக்குப் பாதையில் ஊட்ரம் பார்க் வரை போய், கிழக்கு–மேற்குப் பாதைக்கு மாறி, காமன்வெல்த்திலோ புவனா விஸ்தாவிலோ இறங்க வேண்டும். அங்கிருந்து வடக்கு நோக்கி கிங் ஆல்பர்ட் பார்க் வரை நடப்பது ஒரு காலைப் பொழுதுக்குச் சரியாக இருக்கும். காலை வெயில் வலப்பக்கமும் முதுகிலும் விழும், கண்ணைக் கூசாது. வடக்குத் துண்டு, கிராஞ்சியிலிருந்து புக்கிட் பாஞ்சாங் வரை, நீளமானது, திறந்தவெளி மிகுந்தது, கடைகள் குறைந்தது. நடந்து பழகியவர்களுக்கு விடியற்காலையில் நல்லது. சுங்கை காடுட், மண்டாய் பக்கத்துத் தொழிலாளர் தங்குவிடுதிகளில் இருப்பவர்களுக்கோ அது வீட்டு வாசல் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வருகிறவர்களில் பலர் தங்கியிருக்கும் பக்கம் அது என்பதால், அவர்களுக்குத் திட்டத்தைத் தலைகீழாகப் போட வேண்டும்: காலையில் தடம், மதியம் தேக்கா.

தமிழர்கள் இந்தத் தடத்தில் நடக்கத் திட்டமிடும்போது இன்னொரு அடுக்கும் இருக்கிறது. தடத்தை வெறும் பசுமை வழியாகப் பார்க்கும் எழுத்துகளில் அது விடுபட்டுப்போகிறது. மலாயா ரயில்வேயில் தண்டவாளம் போட்டதும் பராமரித்ததும் பெரும்பாலும் தென்னிந்தியத் தொழிலாளர்கள். எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். குவீன்ஸ்வே பக்கம் ரயில்வே தொழிலாளர்கள் 1932-ல் வைத்து வழிபட்ட முனியாண்டி கோயில்தான், இடம் மாறி, இன்று காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயமாக நிற்கிறது. புதுப் பாதை திறந்த ஆண்டும் கோயில் தொடங்கிய ஆண்டும் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. வேலை எங்கே போனதோ அங்கே ஆட்கள் போனார்கள், ஆட்களோடு சாமியும் போனது. தடத்திலிருந்து இறங்கி நடந்தால் கோயிலை அடைந்துவிடலாம். தெற்குத் துண்டைக் காமன்வெல்த்தில் தொடங்கச் சொல்வதற்கு வெயிலோடு இதுவும் ஒரு காரணம். வடக்கே மேல் புக்கிட் தீமா சாலையில் ஸ்ரீ முருகன் ஹில் கோயில் இருக்கிறது. முதல் ரயில் கிளம்பிய டேங்க் ரோட்டிலோ தண்டாயுதபாணி கோயில் 1859 முதலே இருந்தது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து காவடி எடுத்துப் போகிற ஒவ்வொருவரும் 1903-ன் ரயில் முனையத்தை நோக்கித்தான் நடக்கிறார்கள். 1932-ல் பாதையைத் திருப்பியதால் அந்த முனையம் மறைந்தது. இன்றைய 24 கிலோமீட்டரில் டேங்க் ரோடு இல்லை. ‘முழுத் தடம்’ என்று நாம் சொல்வதே ஒரு குறிப்பிட்ட காலத்தின் தடம்தான் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

முழுவதையும் ஒரே நாளில் நடந்தால்தான் தீவின் முழு உருவமும் புரியும், துண்டு போட்டால் அது ஒரு பூங்கா நடையாகச் சுருங்கிவிடும் என்று ஒரு மறுப்பு உண்டு. இதை லேசாக ஒதுக்க முடியாது. துறைமுகம், அடுக்குமாடி, காடு, தொழிற்பேட்டை, கழிமுகம் என்று நிலம் மாறிக்கொண்டே போவது தொடர்ந்து நடக்கும்போது ஒரு விதமாகவும், வாரம் ஒரு துண்டாகப் பார்க்கும்போது வேறு விதமாகவும்தான் தெரியும். ஆனால் நெடும் ரயில் தடங்கள் உள்ள நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். நியூசிலாந்தின் ஒட்டாகோ தடம் சுமார் 150 கிலோமீட்டர்; 2000-ல் முழுதாகத் திறந்தது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லாந்து வரை சுமார் 240 கிலோமீட்டர்த் தடம் இருக்கிறது. அவற்றை ஒரே மூச்சில் முடிக்கப் பெரும்பாலோர் நினைப்பதில்லை. ரயில் நின்ற ஊர்களே இரவு தங்கும் ஊர்களாகி, அந்த ஊர்களின் பிழைப்பே அதனால் நடக்கிறது. சிங்கப்பூர்த் தடம் ஒரு நாளில் முடிக்கத்தக்க நீளத்தில் இருப்பதுதான் இங்கே ஆளைச் சபலப்படுத்துகிறது. நம் மரபிலும் நெடுநடை புதிதில்லை. செட்டிநாட்டிலிருந்து பழனிக்குக் காவடியோடு போகும் நகரத்தார் பாதயாத்திரை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அதன் திட்டம் முழுக்கத் தங்கல்களால் ஆனது: எந்த ஊரில் பானகம், எந்தச் சத்திரத்தில் இரவு என்பது முன்கூட்டியே தெரியும். தூரத்தைப் பெருமையாகச் சொல்கிறவர்கள்கூட ஒவ்வொரு நாளும் எங்கே நிற்பது என்பதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே, பழகிய கால்களோடு முழுத் தடத்தையும் ஒரு நாளில் நடக்க விரும்புகிறவர் தாராளமாக நடக்கட்டும். அவரும் தெற்கிலிருந்து கிளம்பி, உச்சிவெயில் நேரம் புக்கிட் தீமா மர நிழலில் கழியுமாறு கணக்குப் போட்டு, ஹில்வியூவில் ஒரு முறை வானத்தைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

இன்னொரு மறுப்பு இதற்கு நேர் எதிரானது. இவ்வளவு சின்ன ஊரில், கூப்பிட்டால் வாடகைக் கார் வரும் இடத்தில், திட்டம் எதற்கு என்கிறது. வாடகைக் கார் தடத்துக்குள் வராது என்பது அதற்கான சுருக்கமான பதில். மேலே சொன்னபடி தெற்கில் சாலையைப் பார்த்துக்கொண்டே நடந்தாலும் சாலைக்கு இறங்க முடியாத நீளங்கள் உண்டு. குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் எல்லா இடத்திலும் கிடையாது. மேம்பாலங்களின் அடிப்பகுதி மழைக்கு ஒதுங்க உதவும். ஆனால் மின்னலின்போது திறந்த மண்மேட்டில் நடப்பதை யாரும் சரி என்று சொல்ல மாட்டார்கள். பராமரிப்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் சில பகுதிகளை அவ்வப்போது மூடுகிறார்கள். கிளம்பும் வாரத்தில் நகர மறுசீரமைப்பு ஆணையமும் தேசியப் பூங்காக் கழகமும் வெளியிடும் அறிவிப்பைப் பார்க்காமல் போனால் தகர வேலி முன்னால் நின்று திரும்ப வேண்டியிருக்கும். புக்கிட் தீமா பக்கம் குரங்குகள் உண்டு. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டு நடந்தால் அது உணவு என்றே அவை எடுத்துக்கொள்ளும். உணவு கொடுப்பதோ சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். தேக்காவில் கட்டிய பொட்டலத்தை முதுகுப் பையின் அடியில் வைப்பதும் திட்டத்தில் சேர்த்திதான்.

சைக்கிளில் போனால் 24 கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை என்பார்கள். உண்மைதான். மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது பகிர்வுப் பாதைகளின் உச்ச வரம்பு. ஆனால் வார இறுதிக் காலையில் பிள்ளைகளும் நாய்களும் முதியவர்களும் நிறைந்த குறுகலான சரளைப் பாதையில் அதில் பாதி வேகம்கூடப் போவது முறையில்லை. மழைக்குப் பிறகு சில இடங்களில் சேறு. சைக்கிள் வைத்திருப்பவர்கள் வடக்குத் துண்டைத் தேர்ந்தெடுத்து, நடுத்துண்டை நடக்கிறவர்களுக்கு விட்டுவிடுவது நல்லது.

கடைசியாக வரும் ஆட்சேபம் கொஞ்சம் கசப்பானது. தண்டவாளத்தில் பெரும்பகுதியைப் பெயர்த்தாயிற்று, ஊழியர் குடியிருப்புகள் மறைந்தன, எங்கும் ஒரே மாதிரிப் பலகைகள்; ரயிலே இல்லாத இடத்தில் ரயிலின் ஒழுங்கைப் பேசுவது பழங்கால மோகம் என்கிறது. மறைந்தவை பல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2015-ல் நிக்கன் செக்கேய் நிறுவனம் தேர்வான வடிவமைப்புப் போட்டிக்குப் பிறகு தடம் திருத்தமாகிவிட்டது, சில இடங்களில் தேவைக்கு மேல் திருத்தமாகிவிட்டது என்றுகூடச் சொல்வேன். ஆனால் ரயிலின் உடல் என்பது தண்டவாளம் மட்டும் இல்லை. மண்மேட்டின் உயரம், நீண்டு வளையும் திருப்பம், ஓடையைக் கடக்கும் செங்கல் மதகு, சாலைக்கு மேலே போகும் இரும்புப் பாலம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எங்கே ஏறலாம், எங்கே இறங்கலாம் என்பதை இன்றும் அவைதான் தீர்மானிக்கின்றன. நடக்கிறவரின் கால் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் போகிறது.

தென்கோடிதான் இன்னும் சரியாக அமையாத இடம். 1932 மே மாதம் திறந்த தஞ்சோங் பகார் நிலையத்தின் முகப்பில் விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு பளிங்குச் சிலைகள் நிற்கின்றன. 2011 முதல் அது தேசிய நினைவுச்சின்னம். எம்ஆர்டி வட்டப் பாதையின் விடுபட்ட பகுதியை நிறைக்கும் கன்டோன்மென்ட் நிலையத்தை அதற்கு அடியிலேயே கட்டத் தொடங்கியதால் நீண்ட காலம் உள்ளே போக வழியில்லாமல் இருந்தது. எனவே தெற்குமுனையை நாடியவர்கள் ஸ்பூனர் சாலைப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு, பேருந்துக்கோ ஊட்ரம் பார்க்குக்கோ நடக்க வேண்டியிருந்தது. அந்த எம்ஆர்டி நிலையத்தின் திறப்பு 2026-க்கு என்று அறிவித்திருந்தார்கள். அது இயங்கும்போது நடையின் தென்முனை மறுபடியும் ஒரு ரயில் நிலையத்திலேயே முடியும். காமன்வெல்த்தில் தொடங்கித் தெற்கு நோக்கி இறங்கும் துண்டு, லிட்டில் இந்தியாக்காரர்களுக்கு நடுத்துண்டுக்கு அடுத்தபடியாக எளிதாகிவிடும். அதுவரை அந்தக் கடைசி நீளத்தை மாலை வேளைக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே நிழல் குறைவு.